கோட்டுக்குள் சட்டை நுழையுமா? இலையுதிர்காலத் துணிகளுக்குப் பேட்டர்ன் தேர்வு

தையல் பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட மாதிரியாக வைக்கும் காகிதம், விற்கும் கம்பெனிகளின் காலண்டரும் நம் காலண்டரும் ஒத்துப்போவதே இல்லை. தென்னாப்பிரிக்காவில் இலையுதிர்காலம் மார்ச்சில் ஆரம்பித்து மே முடிய இருக்கிறது. அந்த மாதங்களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிதாக வருவதெல்லாம் கையில்லாத கவுனும் கடற்கரைச் சட்டையும்தான். நமக்கு வேண்டிய முழுக்கைச் சட்டை, கோட், கார்டுராய் பேன்ட் எல்லாம் அவர்களுடைய ஆகஸ்டு, செப்டம்பரில் வரும். அப்போது நாம் வெயிலுக்குத் துணி பார்த்துக்கொண்டிருப்போம். அதனால் இந்த வருஷத்து இலையுதிர்காலத்துக்குப் போன செப்டம்பரில் வந்ததைத் தேடுங்கள். பேட்டர்ன் ஊசிப்போகிற பண்டம் இல்லை. பழையதென்று பல நேரம் விலையும் இறங்கியிருக்கும்.

டர்பனில் இலையுதிர்காலம் என்பது பேருக்குத்தான். மார்ச்சில் இன்னும் கசகசவென்று வியர்க்கும். மே வந்தால்தான் விடியற்காலையில் கொஞ்சம் குளிர் தெரியும், அதுவும் மத்தியானத்துக்குள் 24, 25 டிகிரிக்கு வந்துவிடும். ஜோஹானஸ்பர்க் கதை வேறு. 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர், வறண்ட காற்று. மே மாதக் காலையில் 7, 8 டிகிரி, மத்தியானம் 20 பக்கம். ஈஸ்டர் விடுமுறைக்கு டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும். காரில் ஏறும்போது மெல்லிய பருத்திச் சட்டை போதும். வழியில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் இறங்கி ஒரு டீ குடிப்பதற்குள் கோட் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

ஆக, இங்கே இலையுதிர்காலத் துணி என்றாலே ஒன்றின் மேல் ஒன்று. ஆனால் பேட்டர்ன் வாங்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. சட்டையைத் தனியாகப் பார்க்கிறோம், கோட்டைத் தனியாகப் பார்க்கிறோம், அட்டைப்படத்தில் எது எடுப்பாக இருக்கிறதோ அதை வாங்குகிறோம். கடைசியில் இரண்டும் அருமையாக வந்திருக்கும். கோட்டைப் போட்டால் மட்டும் சட்டைக் கை புஜத்தில் சுருண்டுகொண்டு நிற்கும். அதனால் நான் எல்லாப் பேட்டர்ன்களையும் ஒரே கேள்வியோடுதான் பார்க்கிறேன்: இதற்கு உள்ளேயோ மேலேயோ இன்னொன்று போக இடம் இருக்கிறதா?

இதற்குக் கண்மதிப்பு உதவாது, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உடம்பு அளவுக்கு மேல் துணியில் விடும் கூடுதலைத் தையல்காரர்கள் லூஸ் என்பார்கள். மார்பு 92 செ.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சட்டை தைத்து முடித்தபின் 102 இருந்தால் லூஸ் 10. சாதாரணச் சட்டைக்கு அது சரி. அதே ஆளுக்கு ஒரு கோட் பேட்டர்ன் 104 என்று சொல்கிறது. உடம்புக்கு மேல் 12 இருக்கிறதே, தாராளம்தானே என்று தோன்றும். சட்டைக்கு மேல் மிஞ்சுவதோ வெறும் 2 செ.மீ., அதில் லைனிங் என்கிற உள்துணியும் போனால் மூச்சு விட முடியாது. 110, 112 என்றால் நிம்மதி. கையும் அப்படித்தான். புஜம் 30, சட்டைக் கை 35 என்றால் கோட் கை 40ஆவது வேண்டும். நெஞ்சளவைப் பார்க்கிற நூறு பேரில் கையளவைப் பார்க்கிறவர் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கையில்தான்.

மூன்றாவது இடம் ஆம்ஹோல், அதாவது கை வைத்துத் தைக்கும் வளைவு. சட்டையின் ஆம்ஹோலைவிட கோட்டினுடையது ஒன்றரை, இரண்டு செ.மீ. கீழே இருக்க வேண்டும். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு தையல் ஆன்ட்டி யார் கோட்டோடு வந்தாலும் முதலில் சொல்வது இதுதான்: "கண்ணு, கையை மேலே தூக்கு. கோட் மொத்தமும் கூடவே தூக்கிக்கிட்டு வந்தா ஆம்ஹோல் ரொம்பக் கீழே இருக்கு."

சரி, இந்த அளவுகளை யார் ஒளிக்காமல் சொல்கிறார்கள்? பேட்டர்ன் வகைகளை ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது.

உறையில் வரும் பழைய பேட்டர்ன்கள், அதாவது சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், பட்டரிக், வோக் வகையறா, இதில் நேர்மையானவை. 1863இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் அளவுவாரியாகக் காகிதம் வெட்டி விற்க ஆரம்பித்த தொழில் இது. பழக்கங்களும் கொஞ்சம் பழையவைதான். உள்ளே இருக்கும் மெல்லிய காகிதத்தில், மார்பைக் குறிக்கும் இடத்தில் வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்டு, ஒவ்வொரு சைஸுக்கும் தைத்து முடித்த அளவு எத்தனை என்று அச்சடித்திருப்பார்கள். தையலுக்கு விடும் 1.5 செ.மீ. ஏற்கெனவே சேர்ந்தே இருக்கும். குழப்பம் சைஸ் நம்பரில் வரும். இந்தக் கம்பெனிகளின் 14ஆம் சைஸ் என்பது மார்பு 92, இடுப்பு 71, பின்தட்டு 97 செ.மீ. கடையில் 10 வாங்குகிறவர் இங்கே 14 எடுக்க வேண்டி வரலாம், அதில் மனம் நோக ஒன்றுமில்லை. ஆனால் லூஸ் விஷயத்தில் இவர்கள் அள்ளிக் கொடுப்பார்கள். உடம்பு அளவைப் பார்த்து வாங்கிய சட்டை கூடாரம் மாதிரி தொங்கும்; உள்ளே போடும் சட்டைக்கு ஒரு சைஸ் குறைத்துக்கொள்ளலாமா என்று அந்த வட்டக் குறியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோட்டுக்கோ அந்தத் தாராளம் நமக்கு லாபம்.

இன்னொரு தொல்லை நம் ஊர்க் காற்று. டர்பன் ஈரத்தில் அந்த மெல்லிய காகிதம் ரொம்ப நாள் தாங்காது. நமத்துப்போகும், பூச்சி அரிக்கும். பிடித்த பேட்டர்னைப் பழுப்புக் காகிதத்தில் ஏற்றி, உருட்டி வைத்துவிடுவது நல்லது.

பிடிஎஃப் பேட்டர்ன்களுக்குக் கப்பலும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம். காசு கட்டியதும் கையில். தென்னாப்பிரிக்காவில் உட்கார்ந்துகொண்டு வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. விலை பெரும்பாலும் 10 முதல் 20 டாலர். ராண்ட் சரியும்போது அதுவே கனக்கும். கனடாவின் க்ளோசெட் கோர், ஹெலன்ஸ் க்ளோசெட், அமெரிக்காவின் கேஷ்மரெட், ஆஸ்திரேலியாவின் ஸ்டைல் ஆர்க், மெகன் நீல்சன், நியூசிலாந்தின் பேப்பர்கட் என்று சிறிய கம்பெனிகள் நிறைய. தெற்கே இருக்கிற கம்பெனிகளை நான் சும்மா சொல்லவில்லை. கனமான கம்பளிக் கோட்டுக்கும் வெறும் சட்டைக்கும் நடுவில் போடுகிற துணிமணி அவர்களுக்கும் தேவைப்படுகிறது. பிரிஸ்பனிலிருந்து வரும் பெப்பர்மின்ட் பத்திரிகை இலவசப் பேட்டர்ன்களும் தருகிறது. காசு போடுவதற்கு முன் பிடிஎஃப் உங்களுக்குச் சரிப்படுமா என்று பார்க்க அது போதும்.

நல்ல சிறிய கம்பெனி, தைத்து முடித்த அளவுகளை வாங்குவதற்கு முன்பே பார்க்கும்படி அட்டவணையாகப் போட்டிருக்கும். போடவில்லை என்றால் நான் வாங்குவதில்லை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும். அச்சடிக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற இடத்தில் கை வைத்துவிடாமல் நூறு சதவீதத்தில் அச்சடித்து, முதல் பக்கத்துச் சோதனைக் கட்டத்தை அளவுகோலால் அளந்து பார்த்தபிறகு மீதியை அச்சடிக்க வேண்டும். ஒரு சட்டை 20, 30 ஏ4 தாளுக்குள் முடியும். லைனிங் வைத்த கோட் 60 தாளைத் தாண்டலாம். வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து அறுபது தாளைச் செலோடேப்பால் ஒட்டினால் மூலையில் சேரும்போது அரை செ.மீ. தப்பியிருக்கும், அந்த அரை செ.மீ. காலரில் போய்த் தெரியும். கட்டட வரைபடம் அச்சடித்துக் கொடுக்கும் கடைகளில் ஏ0 என்ற பெரிய தாளில் எடுத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. அந்தச் செலவையும் பேட்டர்ன் விலையோடு கூட்டிப் பார்த்துத்தான் உறையோடு ஒப்பிட வேண்டும். சட்டைக்குப் பிடிஎஃப் மலிவு. கோட்டுக்குப் பல நேரம் உறையே மலிவு.

பூர்டா பத்திரிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1950இல் ஜெர்மனியில் ஏன்னெ பூர்டா தொடங்கியது. ஒரு பேட்டர்ன் வாங்குகிற காசுக்கு ஓர் இதழ் முழுக்கப் பேட்டர்ன்கள். வெட்டு நேர்த்தி என்றால் என் ஓட்டு இதற்குத்தான், தோளும் கையும் அவ்வளவு சுத்தமாக உட்காரும். ஆனால் ஒரே தாளில் பத்துப் பதினைந்து உடைகளின் கோடுகள் பல நிறத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். உங்கள் சைஸுக்கு உரிய கோடு எதுவென்று தேடிப் பிடித்து, டிரேசிங் காகிதத்தில் எடுத்து, தையலுக்கான 1.5 செ.மீ.யை நீங்களே சேர்க்க வேண்டும். தைத்து முடித்த அளவையும் நீங்களேதான் காகிதத்தை அளந்து கண்டுபிடிக்க வேண்டும். பொறுமைசாலிகளுக்கு நல்லது; மாலையில் வேலை விட்டு வந்து தைக்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இந்த மூன்றையும் சுற்றி வந்தபிறகும் ஒரு பிரச்சினை அப்படியே நிற்கும். இவை எல்லாம் ஏறக்குறைய 165 முதல் 168 செ.மீ. உயரமுள்ள பெண்ணை மனதில் வைத்து வரைந்தவை. பெரும்பாலானவை பிரா அளவில் பி கப்புக்கு. நம் பக்கத்தில் 155 உயரத்தில் இருக்கிறவர்கள் எத்தனை பேர்! இடுப்புக் கோடு இடுப்புக்குக் கீழே விழும், டார்ட் (மார்பு வடிவத்துக்காகக் கூராக மடித்துத் தைப்பது) முனை மார்புக்குக் கீழே போய் நிற்கும். இதற்கு மருந்து நம் பீரோவிலேயே இருக்கிறது. நன்றாகப் பொருந்துகிற ஓர் அளவு ரவிக்கை. தையல்காரரிடம் தைக்கக் கொடுக்கும்போது அதைத்தானே மாதிரிக்குக் கொடுத்தனுப்புகிறோம்? பேட்டர்ன் காகிதத்துக்கும் அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

ரவிக்கையைச் சுருக்கமில்லாமல் பரப்பி, தோள் தையலிலிருந்து டார்ட் முனை வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உள்ள அகலம். பிறகு பின்பக்கத்தில் தோளுக்குத் தோள். இந்த மூன்றையும் பேட்டர்னின் முன், பின் துண்டுகளில் வைத்துப் பாருங்கள், தையலுக்கு விட்டதைக் கழித்துவிட்டு. டார்ட் முனை 3 செ.மீ. கீழே இருந்தால் அந்த டார்ட்டை அப்படியே 3 செ.மீ. மேலே தூக்கி வரையலாம், அல்லது மார்புக்கு மேலே காகிதத்தை மடித்துக் குறைக்கலாம். அப்படி மடித்தால் ஆம்ஹோலும் சின்னதாகும்; கையிலும் அதே அளவு மடிக்க மறக்கக் கூடாது. தோள் பொருந்தும் சைஸை எடுத்துவிட்டு மார்பை மட்டும் கூட்டுவது எப்போதும் சுலபம்; மார்புக்குப் பார்த்து எடுத்துத் தோளைக் குறைப்பது நரகம். அக்குளை ஒட்டி நாடாவைச் சுற்றி எடுக்கும் மேல் மார்பு அளவுக்கும் முழு மார்பு அளவுக்கும் வித்தியாசம் 5 செ.மீ.க்கு மேல் போனால், மேல் மார்புக்குச் சைஸ் எடுத்து முன்பக்கத்தை மட்டும் விரிக்க வேண்டும். ஒரே பேட்டர்னைப் பல கப் அளவுகளில் தரும் கேஷ்மரெட் போன்றவர்களிடம் வாங்கினால் இந்த வேலை மிச்சம். ரவிக்கையிலிருந்து ஆம்ஹோலை மட்டும் எடுக்காதீர்கள். அது உடம்போடு ஒட்டித் தைத்தது, அதற்கு மேல் எதுவும் போகாது.

பேட்டர்னே வாங்காமல் அளவெடுத்து வரைந்துகொள்ள முடியாதா என்றால், முடியும். டர்பனில் அதற்கு ஆட்களும் உண்டு. ஒருகாலத்தில் இங்கே துணி ஆலைகளிலும் ரெடிமேட் தொழிற்சாலைகளிலும் இந்தியப் பெண்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். 1990களில் இறக்குமதி வரி குறைந்து, வெளிநாட்டு மலிவுச் சரக்கு வந்து குவிந்ததும் பல இடங்கள் மூடின; அந்தக் கைகள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டு மிஷின்களுக்கு வந்துவிட்டன. கமீஸ், சாதாரணச் சட்டை, பாவாடை எல்லாம் அவர்கள் உங்கள் அளவுக்கு வரைந்தே கொடுத்துவிடுவார்கள், வெளிநாட்டுப் பேட்டர்னைவிடப் பொருத்தமாக. காலர், பாக்கெட், லைனிங் என்று துண்டுகள் பெருகும் கோட்டுக்கு மட்டும் அச்சடித்த பேட்டர்னே பாதுகாப்பு.

துணியும் பேட்டர்னைத் தேர்ந்தெடுக்கும். டர்பனில் விக்டோரியா தெரு மார்க்கெட் சுற்றுவட்டாரத்திலோ ஜோஹானஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க்கின் ஓரியன்டல் பிளாசாவிலோ போய் நின்றால் ஷ்வேஷ்வே என்ற தென்னாப்பிரிக்க அச்சுத் துணி இழுக்கும். கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும், துவைத்தால் மெத்தென்று ஆகிவிடும். பருத்தி, அழுத்தமான நெசவு, நீலத்திலும் காவியிலும் பொடிப்பொடியான அச்சு. இலையுதிர்காலத்துக்கென்றே பிறந்த துணி என்பேன். ஆனால் டா காமா ஆலையின் த்ரீ கேட்ஸ் முத்திரைத் துணியின் அகலம் ஏறக்குறைய 90 செ.மீ.தான். பேட்டர்னுக்குப் பின்னால் போட்டிருக்கும் கணக்கு பெரும்பாலும் 115, 150 செ.மீ. அகலத்துக்கு. 115 அகலத்தில் 2.5 மீட்டர் என்றால், 90 அகலத்தில் வெறும் வகுத்தல் கணக்குக்கே 3.2 மீட்டர் வரும். துண்டுகள் அடுக்கும் விதத்தில் இன்னும் கூடலாம். அதைவிட முக்கியம், இரண்டாக மடித்தால் 45 செ.மீ.தான் இருக்கும். மடிப்பில் வைத்து வெட்டும் பாவாடைத் துண்டின் அடிப்பக்கம் 45ஐத் தாண்டினால் அந்தத் துணியில் அது அடங்கவே அடங்காது. ஆகவே ஷ்வேஷ்வேவுக்கு வட்டப் பாவாடை கவுன் வேண்டாம். பல பேனல்களாகப் பிரித்த கவுன், அல்லது நேர்ச்சட்டை எடுங்கள். வெட்டுவதற்கு முன் கஞ்சி போகத் துவைத்துவிடுங்கள். கஞ்சியோடு தைத்த சட்டை முதல் துவைப்பில் வேறு சட்டையாகிவிடும்.

கார்டுராயில் அகலம் தாராளம், ஆனால் ஒரு பக்கம் தடவினால் கருப்பாகவும் மறுபக்கம் தடவினால் வெளிறியும் தெரியும். எல்லாத் துண்டும் ஒரே திசை பார்க்க வேண்டும், அதற்குப் பேட்டர்னின் துணி அளவு அட்டவணையில் தனி வரி இருக்கும். அந்த வரி இல்லாத பேட்டர்ன் என்றால் கொஞ்சம் கூட வாங்கிக்கொள்ளுங்கள். பேன்ட் பேட்டர்னுக்கு நான் காசே செலவழிக்க மாட்டேன். நன்றாக உட்கார்ந்து, முட்டி தேய்ந்து போன ஒரு பழைய பேன்ட் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதன் தையலைப் பிரித்துக் காகிதத்தில் வைத்து வரைந்தால், கால்கள் சேரும் அந்த வளைவு எந்தக் கம்பெனியும் தர முடியாத அளவுக்கு உங்களுடையதாக வரும். நீளும் துணிக்கு மட்டும் நீளாத துணி பேன்ட்டை மாதிரியாக எடுக்கக் கூடாது.

இனி கோட். மொத்தப் பட்டியலில் நான் மெனக்கெட்டுத் தேர்வது இதைத்தான். தோள் சரியாக உட்கார்ந்து, இரண்டு துண்டுக் கை வைத்து, லைனிங் போட்ட கோட்டா, அல்லது தோள் இறங்கி, காலர் இல்லாமல், முன்னால் திறந்தே இருக்கும் தளர்ந்த கோட்டா? ஜோஹானஸ்பர்க்காரர்களுக்கு முதல் வகை. காற்று புகாது, குளிர்காலம் முழுக்க ஓடும். டர்பனில் இரண்டாவதுதான் என் தேர்வு. காரணம் வெயில் மட்டுமில்லை. ஈஸ்டரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் புடவையில் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். இடது தோளில் முந்தானை மடிப்பு பின் குத்தி நிற்கிறது. தோள் ஒட்டிய கோட் அதை நசுக்கும், காலர் அதை மேலே தள்ளும். தோள் இறங்கிய கோட்டில் ஆம்ஹோல் அகலம், புஜத்தில் இடம். சட்டைக்கு மேலும் போகும், புடவைக்கு மேலும் போகும். தைப்பதும் பாதி வேலை. அழகில் முதல் வகை ஒரு படி மேல் என்பதை மறுக்கவில்லை.

ஒரே கம்பெனியில் சட்டையும் கோட்டும் வாங்குவதா, கலந்து வாங்குவதா என்று கேட்டால், நான் ஒரே கம்பெனி கட்சி. ஒரு கம்பெனியின் சட்டையும் கோட்டும் பெரும்பாலும் ஒரே அடிப்படை வரைவிலிருந்து வருபவை. சட்டையில் டார்ட்டை 3 செ.மீ. ஏற்றினீர்கள் என்றால் கோட்டிலும் ஏறக்குறைய அதுவே செய்யும். கம்பெனி மாறினால் எல்லாம் முதலிலிருந்து. உங்கள் ரவிக்கையின் தோள் அளவோடு எந்தக் கம்பெனி குறைந்த மாற்றத்தில் பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் கவுன் பிடிக்கவில்லை என்றால் கவுனை மட்டும் வெளியே வாங்கலாம். கவுனுக்கு மேல் கோட் தளர்வாகத்தானே இருக்கும்.

தேர்வில் கோட் முதலில் வர வேண்டும், தையலில் சட்டை. கோட்டின் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் அடங்கும் சட்டையைத் தேடுவது எளிது. இதைத் திருப்பிச் செய்தால் பிடித்த சட்டைக்கு எந்தக் கோட்டும் சரிவராமல் அலைய வேண்டியிருக்கும். ஏப்ரல் 14 வாக்கில் வரும் சித்திரைப் புத்தாண்டுக்குச் சட்டையோ கமீஸோ புதிதாக வேண்டுமென்றால் மார்ச் முதல் வாரமே துணியைத் துவைத்துக் காயப் போட்டுவிடுங்கள். கோட் மே வரை பொறுக்கும். அதற்குள் மலிவான காடாத் துணியில் கோட்டின் உடம்பையும் ஒரு கையையும் மட்டும் பெரிய தையலாக ஓட்டி, புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் மேல் மாட்டிப் பாருங்கள். கார் ஓட்டுவதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, முதுகில் இழுக்கிறதா என்று பார்த்தபிறகு நல்ல துணியில் கத்தரிக்கோலை வையுங்கள்.